பெயர் சொல்லிக் கேட்ட ஜெபம்

சந்திரவதனா கெட்ட மனம் படைத்தவள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போகப் போக அவள்மேல் கோபம் வரும். வரட்டும், அவளுக்கே அவள்மேல் வந்தது. கெட்டவர்கள் செய்கிற கேட்டுக்கு ஏதாவது வழி உண்டு. பொலிசுக்குப் போகலாம், தெருவில் நின்று நாலு வார்த்தை கேட்கலாம், மண்ணள்ளித் தூற்றலாம். நல்லது என்று நினைத்து நல்லவர்கள் செய்துவிடுகிற கேட்டுக்கு எந்தக் கந்தோரில் போய் முறையிடுவது?

1976ஆம் ஆண்டு, மெல்பேர்ணில் நோபல் பார்க். அவளும் கணவர் மகேந்திரராஜாவும் இரண்டு பெண்பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருக்குக் கார்த் தொழிற்சாலையில் வரைபடம் கீறுகிற வேலை. அவள் ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை; இங்கே பிஸ்கற் தொழிற்சாலையில் காலை நேரம் பெட்டி அடுக்குகிறவள். அந்த இறக்கத்தை அவள் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் தன்னுடைய கை யாருக்காவது தேவைப்பட வேண்டும் என்று ஒரு தவிப்பு மட்டும் இருந்துகொண்டே இருந்தது. அதனால்தான் ஆலயத்துக்குப் பின்னாலிருந்த பழைய மண்டபத்தில் ‘யூத் சென்ரர்’ தொடங்கியபோது, ஒருவரும் கேட்காமலே போய்க் குசினியில் சமையல் வேலையைப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் மூன்றரை முதல் ஆறு மணிவரை மண்டபம் திறந்திருக்கும். முப்பது பிள்ளைகளாவது வருவார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வேலை கிடைக்காதவர்கள், வீட்டுக்குப் போக விருப்பமில்லாதவர்கள், குளிருக்கு ஒதுங்குகிறவர்கள். ரப்பர் உரிந்த மட்டைகளோடு ஒரு பிங்பொங் மேசை, ஒரு காஸ் ஹீற்றர், சுருதி சேராத ஒரு பியானோ, அவ்வளவுதான் சொத்து. பொறுப்பாளன் கெவினுக்கு இருபத்துநான்கு வயது. நெஞ்சுவரை தாடி, கடுங்குளிரிலும் ரப்பர்ச் செருப்பு. அவன் வேதாகமத்தைப் பற்றி வாய் திறந்து ஒருவரும் கேட்டதில்லை. இவன் என்ன கிறிஸ்தவன் என்று சந்திரவதனா முதல் மாதம் முழுக்க மனதுக்குள் புறுபுறுத்தாள். ஆனால் எந்தப் பொல்லாத பையனும் அவன் பக்கத்தில் குந்தியிருந்து மணிக்கணக்கில் கதைப்பான். கெவின் அவளுக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் இங்கே சொல்வது இந்த மண்டபத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. சந்திரவதனா பெரிதாகத் தலையை ஆட்டினாள். பதினெட்டு வருடம் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தவளுக்கு இதை ஒரு தாடிக்காரன் வந்து சொல்லித்தர வேண்டுமா?

பாணும் வெஜிமைற்றும்தான் அங்கே வழக்கமான தீனி. அந்தக் கறுப்புப் பசையை அவளால் பார்க்கவே முடியவில்லை. வீட்டில் ரின் மீனில் கட்லட் சுட்டு ஒரு பெரிய பெட்டியில் கொண்டுபோனாள். முதல் நாள் பிள்ளைகள் மணந்து பார்த்துவிட்டு வைத்தார்கள். இரண்டாம் நாள் அதற்காக அடிபட்டுப் பறித்தார்கள். அன்றைக்குத்தான் ஒரு பெட்டை குசினி வாசலில் வந்து நின்று, "அன்ரி, எங்கட அம்மா செய்யிற மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்த ‘அன்ரி’ என்ற ஒற்றைச் சொல் சந்திரவதனாவின் வயிற்றில் பாலை வார்த்தது. நோபல் பார்க்கில் எல்லோருக்கும் அவள் மிஸஸ் சந்திரா. அதற்குப் பிறகு அந்தப் பெட்டை எதைச் சொன்னாலும் அவளுடைய காதில் அது ஊர்ப் பேச்சாகவே விழுந்தது.

பெட்டையின் பெயர் மொரீன், வயது பதினாறு. கொழும்புக்குப் பக்கத்துத் தெஹிவளையிலிருந்து ஏழு வருடத்துக்கு முன் வந்த, ஐரோப்பியக் கலப்புள்ள பறங்கியர் குடும்பம். தகப்பன் மாரடைப்பில் போய் மூன்று வருடம். மொரீன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு தையல் தொழிற்சாலையில் மூன்று மணிவரை வேலை செய்துகொண்டிருந்தாள். தம்பிமார் இரண்டு பேர்; கிளைவுக்குப் பதினொன்று, டெரிக்குக்கு ஏழு. இரண்டு பேரையும் பள்ளிக்கூட வாசலில் கூட்டிக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வருவாள். சின்னவன் அக்காவின் கோட்டுப் பைக்குள் ஒரு கையை விட்டபடியே நிற்பான். விளையாடப் போ என்றாலும் போகமாட்டான்.

ஒரு வியாழக்கிழமை மொரீன் நான்கைந்து கட்லட்டைக் கடதாசியில் சுற்றுவதைச் சந்திரவதனா கண்டாள்.

"அம்மாவுக்கோ, பிள்ளை? கேட்டா நான் தனியாத் தந்திருப்பனே."

மொரீன் கழுவிய கோப்பையைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். பிறகு போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மா வீட்டிலை இல்லை, அன்ரி. அடிலெய்டுக்கு ஒரு சிநேகிதியோடை போனவ. ரெண்டு கிழமையிலை வாறன் எண்டு சொன்னவ. இப்ப ஒன்பது கிழமை. ஒரு போஸ்ற்காட் வந்தது, அதிலை விலாசம் இல்லை."

"அப்ப வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"நாங்கள்தான். நான் சமைப்பன். பள்ளிக்கூடத்துக்கு அம்மான்ர கையெழுத்திலை நான்தான் கடிதம் எழுதிக் குடுக்கிறன்." கொஞ்சம் பெருமையோடுகூடத்தான் சொன்னாள். அடுத்ததைச் சொல்லும்போது அந்தப் பெருமை இல்லை. "வெல்ஃபெயர்காரருக்குத் தெரிஞ்சா தம்பிமாரைக் கொண்டுபோயிடுவினம். ஒரே இடத்திலை வைக்கமாட்டினம். எங்கட வீதியிலை வேறொரு வீட்டுப் பிள்ளையளை அப்பிடித்தான் பிரிச்சவை. டெரிக் என்னை விட்டிட்டு நித்திரையே கொள்ளமாட்டான், அன்ரி. ஆருக்கும் சொல்லாதேங்கோ."

"சொல்லமாட்டன், பிள்ளை. சத்தியமாச் சொல்லமாட்டன்."

அவள் சொல்லவும் இல்லை. கெவினிடம் சொல்லவில்லை. ஒரு கட்டிலில் படுக்கிற கணவரிடமே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து கிழமை அதை நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு திரிந்தாள். செவ்வாயும் வியாழனும் சோறும் கறியும் ஒரு தூக்குச்சட்டியில் போய், அடுத்த முறை கழுவித் திரும்பி வந்தது. பெண்பிள்ளைகளுக்குச் சின்னதாய்ப் போன கம்பளிச் சட்டை ஒன்று டெரிக்கின் தோளில் ஏறியது.

ஆனால் குருவி தலையில் பனங்காய் எத்தனை நாளைக்கு நிற்கும்? யூலை மாதக் குளிரில் டெரிக்குக்கு இருமல் வந்து, இருமல் இழுப்பாக மாறியது. கிளைவின் ஆசிரியர் தாயை நேரில் வரச்சொல்லி இரண்டு தரம் கடிதம் அனுப்பிவிட்டார். மொரீன் மெலிந்துபோனாள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் சொருகியது. சந்திரவதனாவுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. டொக்டரிடம் கூட்டிப்போனால் தாய் எங்கே என்று கேட்பார்கள். தன் வீட்டுக்குக் கூட்டிவந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார்கள். கெவினிடம் கேட்கலாம் என்றால் சத்தியம் செய்து கொடுத்தாகிவிட்டது. மனிதரிடம் போக ஒரு வழியும் இல்லாதபோது அவள் எங்கே போவாள்? அவளுடைய தாயும் தாயின் தாயும் எங்கே போனார்களோ அங்கேதான் போனாள்.

யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய ஆலயத்தில் ஜெப விண்ணப்பம் என்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. எழுந்து நின்று, யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவருடைய முழுப்பெயர், இன்னாருடைய மகன், என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனையாம் வாட்டு என்பதுவரை சொல்வார்கள். அவளுடைய தம்பிக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது தகப்பன் அப்படி நின்று சொன்னார். சபை முழங்காலில் விழுந்து அழுதது. மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் மூன்று வீட்டுச் சோறு வந்திறங்கியது, தம்பியோடு ஆஸ்பத்திரியில் இரவு தங்க இரண்டு ஆண்கள் வந்தார்கள். சபைக்குச் சொல்வதும் ஆண்டவருக்குச் சொல்வதும் அவர்களுக்கு வேறு வேறு காரியமாக ஒருநாளும் இருந்ததில்லை.

நோபல் பார்க் ஆலயத்திலும் போதகர் ஹட்சன் ஞாயிறுதோறும், யாருக்காகவாவது ஜெபிக்க வேண்டுமா என்று கேட்பார். யாராவது எழுந்து "ஒரு நண்பருக்காக" என்பார்கள். "கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்காக" என்பார்கள். சந்திரவதனாவுக்கு இது பெரிய வேடிக்கை. எந்த நண்பர்? என்ன கஷ்டம்? விலாசம் எழுதாத கடிதம் எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்? இந்த வெள்ளைக்காரர் ஜெபத்தில்கூடக் கஞ்சத்தனம் பண்ணுகிறார்களே என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நின்றாள். இரண்டு வருடத்தில் அந்த ஆலயத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பதினெட்டு வருட ஆசிரியைக் குரல் தானாக வந்து சேர்ந்தது. மொரீன், கிளைவ், டெரிக் என்று மூன்று பெயரையும் சொன்னாள். பதினான்கு கிழமையாகத் தாய் இல்லாமல் தனியே இருக்கிறார்கள் என்றாள். சின்னவனுக்கு இழுப்பு என்றாள். எந்த வீதி என்பதையும் சொன்னாள். ஆண்டவர் அந்தத் தாயின் மனதைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதுவரை பிள்ளைகளைப் பிரியாமல் காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பாடகர் வரிசையிலிருந்து கெவின் திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. அவனுக்கும் மனம் உருகிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

சபை மிக அன்பாக ஜெபித்தது. இரண்டொருவர் கண்ணைத் துடைத்தார்கள். ஐந்து கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சந்திரவதனா வயிறாரச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் மண்டபத்துக்கு வரவில்லை. சின்னவனுக்கு வருத்தம் கூடிவிட்டதோ என்று மனம் அடித்துக்கொண்டது. ஆறு மணிக்குத் தூக்குச்சட்டியோடு அவர்களுடைய வீதிக்கே போனாள். வீட்டில் விளக்கு இல்லை. தட்டித் தட்டிக் கை நொந்ததுதான் மிச்சம். அடுத்த நாளும் போனாள், பூட்டுத்தான் இருந்தது. வியாழக்கிழமை கெவின் அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருக்கச் சொன்னான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு வெல்ஃபெயர்காரரின் இரண்டு கார் வந்ததாம். ஒன்றில் கிளைவை ஏற்றினார்கள், மற்றதில் டெரிக்கை. பெரிய பையன்களுக்கு ஒரு விடுதி, சின்னப் பிள்ளைகளுக்கு வேறொன்று. ஒன்று நகரத்தின் இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். மொரீனைப் பெண்பிள்ளைகளின் ஹொஸ்டலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஆர் அவங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டாள் சந்திரவதனா. அந்த நிமிஷம்வரை அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கெவின் ஆலயத்தின் பக்கம் கையைக் காட்டினான். அப்போதுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினாள்.

"இஞ்சருங்கோ, நான் ஜெபம்தானே கேட்டனான்? ஆண்டவரிட்டைச் சொல்லுறது எப்பிடி அப்பா வெளியிலை சொன்னதாகும்?"

மகேந்திரராஜா அதிகம் பேசாத மனிதர். "நீர் ஆண்டவரிட்டைச் சொன்னனீர்தான். அதை நூற்றைம்பது பேர் கேட்டவை. அதிலை ஒருத்தர் வீட்டை போய் ரெலிபோனை எடுத்திருப்பினம். இஞ்ச உதவி எண்டா அதுதான், அப்பா."

"சோறு கொண்டு போவினம் எண்டு நினைச்சனே."

"இது எங்கட ஊர் இல்லை" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை அவர் அரை நாள் லீவு போட்டார். இரண்டு பேரும் நல்ல உடுப்பு உடுத்து, ஆங்கிலத்தில் கடிதமும் எழுதிக்கொண்டு வெல்ஃபெயர் கந்தோருக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தேத்தண்ணி வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். மூன்று பிள்ளைகளையும் எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம், தாய் வரும்வரை போதும் என்றார் மகேந்திரராஜா.

"நீங்கள் அவர்களுக்கு என்ன உறவு?"

"அன்ரி" என்றாள் சந்திரவதனா, யோசிக்காமல்.

அந்தப் பெண் எழுதத் தொடங்கினாள். பிறகு நிமிர்ந்து, தாயின் சகோதரியா தகப்பனின் சகோதரியா என்று கேட்டாள். சந்திரவதனா கணவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். உறவு இல்லை, தெரிந்தவர்கள் என்று கடைசியில் அவர்தான் சொன்னார். பெண் எழுதியதை ஒரு கோட்டால் வெட்டினாள். வளர்ப்புப் பெற்றோராக வர விரும்பினால் படிவம் இருக்கிறது, வீட்டை வந்து பார்ப்பார்கள், சில மாதம் ஆகும் என்றாள். எத்தனை அறை என்று கேட்டாள். இரண்டு என்றதும் பேனையை மூடிவைத்தாள். பிள்ளைகளைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இப்போதைக்கு உறவினர் மட்டும்தான் என்றாள். எல்லாவற்றையும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். சண்டை பிடிக்க ஒரு துரும்புகூட அகப்படவில்லை.

படிவத்தை அன்றைக்கே நிரப்பி அனுப்பினார்கள். அது போன இடம் தெரியவில்லை.

மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக ஞாயிற்றுக்கிழமை வந்தது. போதகர் ஹட்சன் முகமெல்லாம் சிரிப்பாகப் பிரசங்க மேடையில் ஏறி, போன கிழமை நம்முடைய சகோதரி ஒருவர் மூன்று பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொன்னார், இரண்டே நாளில் அவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கர்த்தருக்கு நன்றி செலுத்துவோம் என்றார். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஆராதனை முடிந்ததும் தொப்பி போட்ட ஒரு கிழவி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"திங்கட்கிழமை விடிந்ததும் நான்தான் போன் பண்ணினேன், மிஸஸ் சந்திரா. பிள்ளைகளை நினைத்து இரவு முழுக்க எனக்கு உறக்கமே இல்லை."

கிழவியின் கண் கலங்கியிருந்தது. அந்தக் கையை உதறிவிட வேண்டும்போல இருந்தது சந்திரவதனாவுக்கு. உதறவில்லை. எப்படி உதறுவது? "தாங்க் யூ" என்றாள். அந்தச் சொல்லுக்காக வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தாள்.

பிள்ளைகளைக் கொண்டுபோன ஐந்தாம் கிழமை, ஒரு வியாழக்கிழமை, மொரீன் வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். இரண்டு ரயில் மாறி வந்ததாகவும் ஒரு மணித்தியாலம்தான் நிற்கலாம் என்றும் சொன்னாள். நேரே குசினிக்குள் வந்து சந்திரவதனாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளுடைய கோட்டுப் பை இரண்டும் வெறுமையாகத் தொங்கின.

"தம்பிமாரைப் பாத்தியோ, பிள்ளை?"

"கிளைவை ஒருக்காப் பாத்தன். என்னோடை கதைக்கமாட்டானாம். நான்தான் ஒழுங்கா மறைக்கத் தெரியாமல் விட்டிட்டனாம். டெரிக்கை மாசத்திலை ஒருநாள்தான் பாக்க விடுவினம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூண்டரைக்குக் கேற்றடியிலை போய் நிக்கிறானாம். நான் கூட்ட வருவன் எண்டு." கண்ணீரைக் கைப்புறத்தால் துடைத்தாள். "ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும், அன்ரி. பக்கத்து வீட்டு மனிசிதான். நாய் வைச்சிருக்கிறவ. அவவுக்கு எங்களைக் கண்ணிலை காட்டக்கூடாது. போன கிழமை போய் அவவின்ர கதவுக்குக் கல்லாலை எறிஞ்சிட்டு வந்தனான். வேற ஆருக்குத் தெரியும்? உங்களுக்கு மட்டும்தானே தெரியும்."

சந்திரவதனா அடுப்பை அணைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். கெவின் சொல்லமாட்டான். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பெட்டைக்கு உலகத்தில் ஒரு அன்ரியாவது மிஞ்சும். அப்படி இருப்பதுதான் இரக்கமோ என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டு மனிசி, நாயோடு இருப்பவள், கல்லடி பட்ட கதவுக்குப் பின்னால் ஒரு பாவமும் அறியாமல் பயந்துகொண்டிருக்கிறாள்.

"மொரீன், அவ இல்லை. நான்தான்."

மொரீனுக்கு விளங்கவில்லை.

"நான்தான் பிள்ளை சொன்னனான். வெல்ஃபெயருக்கு இல்லை. சேர்ச்சிலை. ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டனான், உங்கட பேரைச் சொல்லி."

"எல்லாருக்கும் கேக்கவோ?"

"ஓம்."

கத்துவாள், கையில் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி எறிவாள், வெளியே ஓடுவாள் என்று சந்திரவதனா காத்திருந்தாள். அதில் எது நடந்திருந்தாலும் தாங்கியிருப்பாள். மொரீன் அவளைப் பார்த்தபடியே நின்றாள். சின்னப் பிள்ளைகள் தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். கோபம்கூட இல்லை.

"ஏன், அன்ரி? மெதுவாச் சொன்னா அவருக்குக் கேக்காதோ?"

சந்திரவதனா ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவள். மொரீன் பதிலுக்காகக் காத்திருந்தாள், உண்மையாகவே காத்திருந்தாள். பிறகு மண்டபத்து மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆறரைக்குள் ஹொஸ்டலுக்குத் திரும்பாவிட்டால் வருகிற மாதம் டெரிக்கைப் பார்க்க விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, கோப்பையை மேசையில் வைத்து, கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே ஸ்ரேஷனுக்கு ஓடினாள்.